கணினி முடங்கும் வேளையில் மக்களுக்கு என்ன சொல்வது?

புது தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கணினி அமைப்பு 2022 நவம்பர் 23ஆம் நாள் காலை செயலிழந்தது. வெளிநோயாளிகளைப் பதிவு செய்தல், பரிசோதனை முடிவுகளை வழங்குதல், கட்டணம் பெறுதல், உள்நோயாளிகளைச் சேர்த்தல், விடுவித்தல் ஆகிய பணிகள் யாவும் கையெழுத்துப் பதிவேடுகளுக்குத் திரும்பின. ஐந்து சர்வர்களும் அவற்றிலிருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் அளவு தரவும் தாக்குதலுக்கு உள்ளாயின என மத்திய அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நாள்தோறும் பல்லாயிரம் நோயாளிகள் வந்துபோகும் அம்மருத்துவமனையில் பணிகள் படிப்படியாகச் சீரடைய இரண்டு வாரம் வரை ஆயிற்று.

அந்த நாட்களில் ஏடுகளில் வெளிவந்த செய்திகளைத் திருப்பிப் பார்ப்பது பயனுள்ளதாகும். தாக்கியவர்கள் 200 கோடி ரூபாயை மெய்நிகர் நாணயமாகக் கேட்டனர் என்று ஒரு செய்தி பரவியது. அத்தகைய கோரிக்கை எதுவும் மருத்துவமனை நிர்வாகத்தால் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவரப்படவில்லை என்று தில்லி காவல்துறை கூறியது. குறிப்பிட்ட தொகை எதுவும் கேட்கப்படவில்லை என்பதை டிசம்பரில் அரசு மக்களவையில் தெளிவுபடுத்தியது. பீகாரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ இரவு முழுவதும் இரயிலில் வந்திறங்கும் நோயாளிக்கு இந்தத் தொகை பற்றிய சர்ச்சையால் ஆவது ஒன்றுமில்லை. முன்பதிவுச் சீட்டு நாளை செல்லுமா, சென்ற வாரம் கொடுத்த இரத்தத்தின் முடிவு கிடைக்குமா, இல்லையெனில் மீண்டும் எப்போது வருவது என்பவையே அவருடைய கேள்விகள்.

தாக்கப்பட்ட கணினியைச் சீர்செய்வது பொறியாளர்களின் பணி. அந்நேரத்தில் மக்களுக்கும் ஊழியர்களுக்கும் மேலதிகாரத்திற்கும் எதை, எப்போது, யார் சொல்வது என்பது நிர்வாகத்தின் பணி. முதற்பணிக்கு இன்று நம் நிறுவனங்களில் ஓரளவு ஏற்பாடு உண்டு, ஒதுக்கீடும் உண்டு. இரண்டாவது பணி பெரும்பாலும் நெருக்கடி வந்த அன்று, பதற்றத்திற்கிடையே, நின்ற நிலையில் தீர்மானிக்கப்படுகிறது. அதனை முன்கூட்டியே தீர்மானித்து எழுத்தில் வைத்திருக்க இயலும் என்பதையும், அவ்வாறு செய்யாமையால் விளையும் பொருளிழப்பு எத்தகையது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்பிக்கையும் நாணயமும்

வங்கித்தொழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வங்கியின் பெட்டகத்தில் என்ன இருக்கிறது என்பது வைப்பாளருக்குத் தெரியாது. தமது பணம் கேட்டபோது கிடைக்கும் என்ற நம்பிக்கையிலேயே அவர் வாழ்கிறார். அந்நம்பிக்கை தளர்ந்து எல்லோரும் ஒரே நாளில் பணம் கேட்டால், நல்ல நிலையிலுள்ள வங்கியும் திணறும். இது பொருளாதார மாணவர்கள் அறிந்த பழைய பாடம். கணினித் தாக்குதல் இந்தப் பாடத்திற்குப் புதியதோர் உட்பிரிவைச் சேர்த்திருக்கிறது. என்ன நிகழ்ந்தது என்பது முதல் சில மணி நேரத்திற்கு வங்கிக்கே தெரியாது. இருதரப்பும் அறியாத அந்த இடைவெளியில் வதந்திதான் ஒரே செய்தியாக உலவுகிறது.

1906இல் தோன்றிய பூனாவின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி 2018 ஆகஸ்ட் 11ஆம் நாள், சனிக்கிழமை, இந்நிலைக்கு ஆளாயிற்று. பணப்பொறி அட்டைகளுக்கு ஒப்புதல் தரும் இணைப்பமைப்பைத் தீநிரல் கொண்டு ஏமாற்றி, சில மணி நேரத்திற்குள் 28 நாடுகளிலுள்ள பணப்பொறிகளிலிருந்து ஏறத்தாழ 78 கோடி ரூபாயும், உள்நாட்டில் சுமார் இரண்டரைக் கோடி ரூபாயும் எடுக்கப்பட்டன. திங்கட்கிழமையன்று மேலும் ஏறத்தாழ 14 கோடி ரூபாய் ஹாங்காங்கிலுள்ள ஒரு கணக்கிற்கு மாற்றப்பட்டது. மொத்த இழப்பு ஏறத்தாழ 94 கோடி ரூபாய். வங்கி தனது பணப்பொறிகளையும் இணையவழிச் சேவையையும் சில நாள் நிறுத்திவைத்தது. தாக்குதல் இணைப்பமைப்பின் மீதுதான் நிகழ்ந்தது, வைப்பாளர்களின் கணக்குகள் எவையும் தொடப்படவில்லை, இழப்பு வங்கியைச் சார்ந்தது என்று வங்கித் தலைமை வெளிப்படையாக அறிவித்தது. இந்த மூன்று செய்திகளும் வைப்பாளரின் முதற்கேள்விக்கு நேரடியான விடைகள் என்பது கவனிக்கத்தக்கது. சர்வரின் வகை, தீநிரலின் பெயர் முதலியவை அவருக்கு வேண்டுவன அல்ல.

இதற்கு ஈராண்டு முன்னர் நிகழ்ந்தது வேறு வகை. 2016இல் ஒரு பணப்பொறிச் சேவை நிறுவனத்தின் அமைப்பில் தீநிரல் புகுந்ததால் பல வங்கிகளின் சுமார் 32 லட்சம் பற்று அட்டைகளின் விவரங்கள் கசிந்திருக்கலாம் என்ற செய்தி அக்டோபரில் வெளியாயிற்று. தீநிரல் இயங்கிய காலம் அவ்வாண்டின் மே முதல் ஜூலை வரை. செய்தி வெளியானபோதே ஸ்டேட் வங்கி மட்டும் சுமார் 6 லட்சம் அட்டைகளை முடக்கியிருந்தது. தேசியப் பணவழங்கீட்டுக் கழகம் அப்போது வெளியிட்ட கணக்கின்படி, உண்மையில் பணம் இழந்ததாகப் புகார் செய்தோர் 19 வங்கிகளைச் சேர்ந்த 641 பேர். இழப்பு 1 கோடியே 30 லட்சம் ரூபாய். முப்பத்திரண்டு லட்சம் அட்டைகளின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் இது சிறிய இழப்பே. ஆயினும் மளிகைக் கடையில் நின்று அட்டையை நீட்டியபின் அது செல்லாது என்று அறிந்த வாடிக்கையாளர், தம் வங்கி சொல்லாததை நாளேட்டில் படித்து அறிந்தார். தாமாகவே எடுத்த நல்ல முன்னெச்சரிக்கை நடவடிக்கைக்கு வங்கிகள் நற்பெயர் பெறத் தவறின.

அறிவிப்பில் ஏற்படும் தாமதம் நேரடிப் பண இழப்பாகவும் மாறக்கூடும். வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடைபெறும் மின்னணுப் பரிமாற்றங்கள் பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியின் குறைபாட்டால் நேர்ந்த இழப்பை வாடிக்கையாளர் மீது சுமத்தக் கூடாது என்றது. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் இடையிலுள்ள வேறோர் அமைப்பில் இருக்குமாயின், வங்கியிடமிருந்து பரிமாற்றம் பற்றிய செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு இழப்பே இல்லை. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் எனில் வரையறுத்த அளவு இழப்பு என்று அது வகுத்தது. ஆகவே கடிகாரம் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை வங்கியின் செய்தி வந்து சேரும் நேரத்திலிருந்தே ஓடத் தொடங்குகிறது. அச்செய்தி புரியாத மொழியிலோ பொருள் விளங்காத சுருக்கத்திலோ இருக்குமாயின், அந்த மூன்று நாட்கள் வீணாகின்றன.

முதல் அறிவிப்பு

நெருக்கடி நாளில் ஒரு நிறுவனம் வெளியிடும் முதல் அறிவிப்பே அதன்பின் வரும் பத்து அறிவிப்புகளின் மதிப்பை நிர்ணயிக்கிறது. இதற்குக் கூடங்குளத்தைப் போல் தெளிவான எடுத்துக்காட்டு நம் நாட்டில் வேறில்லை. 2019 அக்டோபர் இறுதியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினிகளில் தீநிரல் புகுந்ததாகச் சமூக ஊடகங்களில் செய்தி பரவியது. 29ஆம் நாள் நிலையத்தின் சார்பில் வெளியான குறிப்பு, தவறான தகவல்கள் பரப்பப்படுகின்றன என்று தொடங்கி, அணுமின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி வலையமைப்புடனோ இணையத்துடனோ தொடர்பற்றவை, அவற்றின் மீது இணையத் தாக்குதல் இயலாதது என்று கூறியது. மறுநாள், 30ஆம் தேதி, இந்திய அணுமின் கழகம் வேறோர் அறிக்கை வெளியிட்டது. கழகத்தின் கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மையே. கணினி அவசரநிலைச் செயற்குழுவான செர்ட்-இன் இதனைச் செப்டம்பர் 4ஆம் நாளே தெரிவித்தது. நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்துடன் இணைந்த வலையமைப்பிலிருந்த ஒரு கணினியே பாதிக்கப்பட்டது. முக்கிய உள் வலையமைப்பிலிருந்து அது பிரிக்கப்பட்டே இருந்தது. ஆலையின் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்பன அதன் செய்திகள்.

இரு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படிப்போர், கட்டுப்பாட்டு அமைப்பு தனித்தியங்குவது என்று முதல் குறிப்பு கூறியதை இரண்டாவது அறிக்கை பொய்ப்பிக்கவில்லை என்பதைக் காணலாம். ஆனால் பொதுமக்கள் அறிக்கைகளை அப்படிப் படிப்பதில்லை. நேற்று இல்லை என்றார்கள், இன்று ஆம் என்கிறார்கள் என்பதே அவர்கள் மனத்தில் நின்றது. கட்டுப்பாட்டு அமைப்பு பாதுகாப்பாக உள்ளது என்ற இன்றியமையாத செய்தி, அந்த இழுபறியில் தன் வலுவை இழந்தது. இரண்டாம் நாள் அறிக்கையின் செய்திகளே முதல் நாளில் வெளியாகியிருந்தால் அணுமின் நிலையத்தைப் பற்றிய கவலை அத்துணை பெருகியிருக்காது என்பது என் கருத்து. செய்தி நிறுவனத்திற்குள் ஒரு பிரிவிடம் இருந்தது. அறிவிப்பை எழுதும் பிரிவிடம் அது வந்து சேர்ந்திருந்ததா என்ற கேள்வியை ஒவ்வொரு நிறுவனமும் தன்னைக் குறித்தே கேட்டுக்கொள்ளலாம். கேட்பதற்கு உரிய காலம் அமைதிக்காலமே.

மறுப்புக்கு அடுத்தபடியாக நமது அலுவலகங்களுக்குப் பழகிப்போனது ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்ற தொடர். மழையில் கம்பி அறுந்தாலும் இதே தொடர்தான், தரவு களவு போனாலும் இதே தொடர்தான். உண்மை பின்னர் வெளிப்படும்போது, நேர்மையாகவே கோளாறு என்று எழுதிய பழைய அறிவிப்புகளும் சந்தேகத்திற்கு உள்ளாகின்றன. காரணம் தெரியாத நிலையில் காரணத்தைக் குறிப்பிடாமலே எழுதலாம். ‘காரணம் ஆராயப்படுகிறது’ என்பது குறைவான செய்தியே எனினும் பின்வாங்க வேண்டாத செய்தி.

அறியாத நிலையிலும் பயனுள்ள அறிவிப்பு வெளியிட முடியுமா என்று வினவுவோருக்கு, நமது புயல் எச்சரிக்கை முறையைச் சுட்டிக்காட்டலாம். புயல் எங்கே கரை கடக்கும் என்பது வானிலைத் துறைக்கும் மூன்று நாள் முன்னதாக உறுதியாகத் தெரியாது. ஆயினும் 72 மணி நேரத்திற்கு முன் ஒரு கண்காணிப்புக் குறிப்பு, 48 மணி நேரத்திற்கு முன் விழிப்பறிக்கை, 24 மணி நேரத்திற்கு முன் எச்சரிக்கை என அது படிப்படியாகப் பேசுகிறது. வாசகத்தின் அமைப்பு ஆண்டு முழுவதும் ஒன்றே. எண்களும் இடங்களும் மட்டும் அன்றன்று நிரப்பப்படுகின்றன. அடுத்த அறிக்கை எப்போது வரும் என்பது மீனவருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தெரியும். 1999இன் ஒடிசாப் பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்கள் மாண்டன. 2013இன் பைலின் புயலின்போது சுமார் பத்து லட்சம் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டு, உயிரிழப்பு சில பதின்களோடு நின்றது. புயல் காப்பிடங்களும் சாலைகளும் இதற்குக் காரணம் என்பது உண்மை. நேரந்தவறாது வந்து, மக்கள் நம்பிய அறிக்கைக்கும் அதில் பங்குண்டு.

இதே அமைப்பை ஒரு மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி தனக்கு வகுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அதன் முதல் அறிவிப்பு ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்: ‘இன்று காலை …. மணி முதல் நமது வங்கியின் பணப்பொறிகளும் கைபேசிச் சேவையும் இயங்கவில்லை. கணினி அமைப்பில் அனுமதியற்ற நுழைவு நேர்ந்திருக்கலாம் என்பதால் அவற்றை நாமே நிறுத்திவைத்துள்ளோம். கிளைகள் திறந்திருக்கின்றன, கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து …. ரூபாய் வரை பணம் பெறலாம். உங்கள் கணக்கு விவரங்கள் பாதிக்கப்பட்டனவா என்பது ஆராயப்படுகிறது. வங்கியின் பெயரால் யாரேனும் கைபேசியில் அழைத்து இரகசிய எண்ணைக் கேட்டால் கூற வேண்டாம். அடுத்த அறிவிப்பு இன்று மாலை …. மணிக்கு வெளியாகும்.’ இதில் புள்ளியிட்ட இடங்களைத் தவிர மற்றவை யாவும் இன்றே எழுதப்படத் தக்கவை. கிளையில் எவ்வளவு ரூபாய் வரை கையெழுத்துப் பதிவேட்டின் பேரில் வழங்கலாம் என்பதை மட்டும் நிர்வாகக் குழு முன்னதாகத் தீர்மானித்திருக்க வேண்டும். அறிவிப்பின் உயிர்நாடி அந்தத் தொகைதான் என்று சொல்லலாம். மாற்று ஏற்பாடு இல்லாத நிறுவனத்திற்கு நல்ல அறிவிப்பு எழுதித்தர எவராலும் இயலாது. மாலை அறிவிப்பில் புதிய செய்தி ஏதுமில்லையெனில், புதிய செய்தி இல்லை என்பதையே குறித்த நேரத்தில் சொல்லிவிட வேண்டும்.

யார் பேசுவது, யாரிடம்

அரசு அலுவலகங்களில் இவ்வினாவிற்குத் தனியான சிக்கல் உண்டு. மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964இன் 11ஆம் விதிப்படி, அரசின் பொது ஆணையோ சிறப்பு ஆணையோ இன்றி ஓர் ஊழியர் அலுவல் தகவலை வெளியாருக்குத் தர இயலாது. விதி நியாயமானதே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு சேவை முடங்கும்போது, பணியிலிருக்கும் இளநிலை அலுவலர் துணைச் செயலரைத் தேடுவார். அவர் இணைச் செயலரைத் தேடுவார். கோப்பு நகர வேண்டிய கணினியே முடங்கிக் கிடக்கும். திங்கள் நண்பகல் வரை மௌனம் நீடிக்கும். விதி சொல்லும் அந்தப் பொது ஆணையை முன்னதாகவே பிறப்பித்து வைப்பது ஒன்றே இதற்கு வழி. இன்ன பதவியிலுள்ளவர், அவர் இல்லாதபோது இன்னார், ஒப்புதல் பெற்ற மாதிரி வாசகத்தின் வெற்றிடங்களை நிரப்பி, மேலொப்புதலுக்குக் காத்திராமல் வெளியிடலாம் என்று அரைப்பக்க ஆணை போதும். வாசகத்திலிருந்து விலக நேர்ந்தால் மட்டும் மேலிடத்தின் ஒப்புதல் தேவை. பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் தொடர்பு அலுவலருக்கும் அதன் படி ஒன்று சென்றிருக்க வேண்டும்.

சட்டப்படியான அறிக்கைகளும் இதே மணிநேரங்களில் அனுப்பப்பட வேண்டியவை. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ஆம் நாள் பிறப்பித்த நெறிமுறைகளின்படி, பட்டியலிடப்பட்ட இணையச் சம்பவங்களை, அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாட்களுக்குக் காத்துவைக்கவும் வேண்டும். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் 2016 ஜூன் சுற்றறிக்கை, இணைய நெருக்கடி மேலாண்மைத் திட்டம் ஒன்றைத் தனியே வகுக்கப் பணித்ததுடன், சம்பவங்களைத் தெரிவிக்க இரண்டு முதல் ஆறு மணி நேரம் வரையே அளித்தது.

இவை மேலதிகாரத்திற்குச் செல்பவை. பாதிக்கப்பட்ட குடிமகனுக்கே நேரில் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையை மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 கொண்டுவந்துள்ளது. 2025 நவம்பரில் வெளியான அதன் விதிகள், கசிவின் தன்மை, அளவு, காலம், அவருக்கு நேரக்கூடிய விளைவுகள், நிறுவனம் எடுத்த நடவடிக்கைகள், அவர் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்யத்தக்கவை, வினவினால் விடை தரக்கூடியவரின் தொடர்பு விவரம் ஆகியவற்றைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் எளிய மொழியிலும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. தரவுப் பாதுகாப்பு வாரியத்திற்கு உடனே ஒரு தகவலும், 72 மணி நேரத்திற்குள் விரிவான அறிக்கையும் தரப்பட வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. இவ்விதிகள் வெளியான நாளிலிருந்து 18 மாதங்களுக்குப் பின்னரே நடைமுறைக்கு வருகின்றன. இந்த இடைக்காலத்தை மாதிரி வாசகங்கள் எழுதுவதற்குப் பயன்படுத்தாவிட்டால் வேறெதற்குப் பயன்படுத்துவது என்பது எனக்கு விளங்கவில்லை.

புலனாய்வு நடைபெறும்போது பேசலாகாது என்ற வாதம் எல்லா நிறுவனங்களிலும் எழும். அதில் பாதி உண்மை உண்டு. எவ்வழியாகத் தீநிரல் புகுந்தது, எந்த மென்பொருளில் ஓட்டை இருந்தது, தாக்கியவர் யார், பிணைப்பணம் கேட்டு வந்த செய்தியின் வாசகம் என்ன என்பவற்றைச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த தாக்குதலுக்கு உதவியாகவோ வழக்கிற்கு ஊறாகவோ முடியும். பாதிக்கப்பட்டோரின் எண்ணிக்கையையும் உறுதியாகும் வரை கூறாதிருப்பது நலம், ஏனெனில் முதல் எண்ணிக்கை பெரும்பாலும் தவறாகவே இருக்கும். எந்தச் சேவை நின்றது, மாற்று வழி என்ன, மக்கள் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை மறைப்பதால் புலனாய்வுக்கு எந்த நன்மையும் இல்லை. இவ்விரு பட்டியலையும் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவுடன் கலந்து முன்னரே பிரித்து வைத்துக்கொண்டால், அன்றைய தினம் விவாதிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

வழிகள் அடைபட்ட நிலை

திட்டம் தயாராக இருந்தும், அதை அனுப்பும் வழி தாக்குதலோடு சேர்ந்து அடைபட்டுப் போவது உண்டு. நார்வே நாட்டின் ஹைட்ரோ என்னும் அலுமினிய நிறுவனம் 2019 மார்ச் 19ஆம் நாள் தாக்கப்பட்டபோது அதன் மின்னஞ்சல் நின்றது. கணினிகளை வலையமைப்பில் இணைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையை அச்சிட்ட தாள்களாக அலுவலக வாயில்களில் ஒட்டினர். பேஸ்புக் பக்கத்தின் வழியே வெளியுலகோடு பேசினர். அன்றே பத்திரிகையாளரைச் சந்தித்தனர். பிணைப்பணம் தரமாட்டோம் என்றும் அறிவித்தனர். 2017 ஜூன் 27ஆம் நாள் மேர்ஸ்க் கப்பல் நிறுவனக் குழுமம் தாக்கப்பட்டபோது, அதன் விளைவு மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில், அக்குழுமம் நடத்திய முனையம் வரை எட்டியது. பாதிக்கப்பட்டது ஒரு தனியார் முனையம் மட்டுமே என்பதையும், சரக்குப் பெட்டிகள் தேங்கக்கூடும் என்பதையும், அவற்றை நிறுத்தக் கூடுதல் இடம் ஒதுக்கப்படுகிறது என்பதையும் கப்பல் போக்குவரத்து அமைச்சகம் உடனே தெரிவித்தது. லாரிக்காரருக்கு வேண்டியது அதுவே.

ஆகவே அலுவலர்களின் சொந்தக் கைபேசி எண்கள், செய்தியாளர் பட்டியல், மாதிரி வாசகங்கள், மேற்சொன்ன ஆணை ஆகியவை கணினியில் மட்டும் இருப்பது பயனற்றது. தாளில் அச்சிட்டு, அலுவலகத்தில் ஒன்றும் பொறுப்பாளர் வீட்டில் ஒன்றுமாக வைத்திருக்க வேண்டும். கிளைகளின் அறிவிப்புப் பலகையை இளைய தலைமுறை மறந்துவிட்டது. மின்சாரமோ கடவுச்சொல்லோ வேண்டாத ஊடகம் இன்று அது ஒன்றே.

குறுஞ்செய்தி குறித்து நமது நாட்டிலுள்ள ஒரு நடைமுறைத் தடையைப் பலர் அறிந்திருப்பதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளின் அனுப்புநர் பெயரும் வாசக மாதிரியும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவில்லாத வாசகம் வழியிலேயே தடுக்கப்பட்டுவிடும். செய்தியில் இணைய முகவரி இருந்தால் அதுவும் பதிவாகியிருக்க வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. மோசடிக்காரர்களைத் தடுக்க வந்த நல்ல விதிதான். ஆனால் நள்ளிரவில் நிர்வாக இயக்குநரே உட்கார்ந்து அருமையான செய்தி ஒன்றை எழுதினாலும், அது ஒரு வாடிக்கையாளரையும் சென்றடையாது. நெருக்கடிக்கால வாசகங்களை, வட்டார மொழியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும், இன்றே பதிவு செய்து வைப்பதற்கு ஒரு எழுத்தரின் சில நாள் உழைப்பு போதும். முன்னேற்பாடு என்ற சொல்லுக்கு இத்துறையில் இதைவிட நேரடியான பொருள் கிடையாது.

அறிவிப்பு வெளியானவுடன் அதன் போலியும் வெளியாகும். அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து 2017இல் 14 கோடிக்கும் மேற்பட்ட மக்களின் விவரங்கள் களவுபோயின. ஜூலை இறுதியில் கண்டறியப்பட்டது செப்டம்பர் 7ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. விவரம் அறிய அந்நிறுவனம் புதியதோர் இணைய முகவரியைத் தொடங்கிற்று. அதன் ஊழியர்களே சமூக ஊடகத்தில் சொற்களை முன்பின்னாக மாற்றி, வேறொருவர் அமைத்திருந்த போலி முகவரிக்கு மக்களை அனுப்பினர். பழகிய முகவரியிலேயே அறிவிப்பை வெளியிடுவது இதற்கு மாற்று. நம் வங்கிகள் யாவும் 2025 அக்டோபர் 31க்குள் ‘பேங்க்.இன்’ என முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது இவ்வகையில் உதவியானது. பணம் பறிகொடுத்தோர் உடனே அழைக்க வேண்டிய 1930 என்னும் தேசிய உதவி எண்ணையும் வாசகத்தில் சேர்த்துவிட வேண்டும்.

தவறு நம்முடையதாக இல்லாவிடினும் பேச வேண்டியவர் நாமே என்ற நிலை இனி மிகுதியாக நேரும். 2024 ஜூலை 31ஆம் நாள், சிறு வங்கிகளுக்குக் கணினிச் சேவை வழங்கும் சி-எட்ஜ் நிறுவனம் பிணைப்பணத் தாக்குதலுக்கு உள்ளானதால், தேசியப் பணவழங்கீட்டுக் கழகம் அதனைச் சில்லறைப் பணவழங்கீட்டு அமைப்புகளிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்து, அதைப் பொது அறிக்கையாகவும் வெளியிட்டது. சுமார் 300 கூட்டுறவு, வட்டார ஊரக வங்கிகள் இதனால் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் கூறின. மறுநாள் இணைப்பு மீண்டது. சி-எட்ஜ் என்ற பெயரை அவ்வங்கிகளின் விவசாய வாடிக்கையாளர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அவருக்குத் தெரிந்தது ஊர்க்கிளையின் காசாளர் முகம் ஒன்றே. ஆகவே ஊழியருக்கான அறிவிப்பு, பொதுமக்களுக்கான அறிவிப்புக்கு அரைமணி நேரமேனும் முந்த வேண்டும். சேவை நிறுவனத்துடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில், தாக்குதல் நேர்ந்தால் எத்தனை மணி நேரத்திற்குள் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஷரத்து இருக்கிறதா என்பதை அடுத்த புதுப்பித்தலின்போது பார்க்க வேண்டும். பல பழைய ஒப்பந்தங்களில் விலையும் பராமரிப்பும் விரிவாக இருக்கும், இது இராது.

செர்ட்-இன் நடத்தும் பயிற்சி ஒத்திகைகளில் நிறுவனங்களின் கணினிப் பிரிவினர் கலந்துகொள்கின்றனர். அதே நாளில் மக்கள் தொடர்பு அலுவலரையும் கிளை மேலாளர் ஒருவரையும் அமர்த்தி, மின்னஞ்சலும் அலுவலகத் தொலைபேசியும் இல்லை என்று வைத்துக்கொண்டு, முதல் அறிவிப்பு ஊரகக் கிளையின் பலகையில் ஒட்டப்படும் வரை எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். பட்டியலிலுள்ள கைபேசி எண்களில் எத்தனை மாறிவிட்டன என்பதும், ஆணையில் பெயர் குறிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் மாற்றலாகிச் சென்றுவிட்டனர் என்பதும் அன்று தெரியவரும். அவற்றைத் திருத்தி, தாளில் மீண்டும் அச்சிட்டு, திருத்திய தேதியை மேல்மூலையில் எழுதி வைப்பது அன்று மாலையே செய்யத்தக்க வேலை.